ஒரு துண்டு அலுமினியக் குழாய்

வீட்டிலேயே விமானம் கட்டிப் பறக்கிற ஆட்கள் உலகத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். விளையாட்டு விமானம் இல்லை, ஆள் ஏறிப் பறக்கிற விமானம். நமக்குக் கிட்டிய உதாரணம் கேரளத்தின் ஆலப்புழையைச் சேர்ந்த அசோக் தாமரக்ஷன். இங்கிலாந்தில் வேலை செய்யும் அவர், கொரோனாக் காலத்தில் ஸ்லிங் என்ற தென்னாபிரிக்க விமானத்தைப் பாகம் பாகமாக வரவழைத்துப் பூட்டினார். நாலு பேர் அமரக்கூடிய விமானம். அதில் குடும்பத்தோடு ஐரோப்பிய நாடுகளுக்கும் போய் வந்தார்.

இப்படிக் கட்டுகிறவர்களுக்குச் சிறகும் வாலும் மட்டுமல்ல, ஒரு சின்னக் குழாயும் பெரிய தலையிடி. எஞ்சினுக்குள் காற்றுப் போகும் குழாய். அதை எதில் செய்வது? அலுமினியமா, உருக்கா, பைபர்கிளாசா, பிளாஸ்டிக்கா? இன்றைய பதிவு அந்தக் குழாயைப் பற்றியது. கண்டியில் விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். நம் பிள்ளைகள் ஏறிப் போகிற வேன் வரைக்கும் இந்தக் கதை வரும்.

முதலில் அந்தக் குழாயின் வேலை என்ன என்று பார்ப்போம்.

ஒரு கிலோ பெற்றோல் முழுதாக எரிவதற்கு ஏறத்தாழ 15 கிலோ காற்று வேண்டும். எஞ்சின் குடிப்பதை விட மூச்சு இழுப்பதுதான் அதிகம். வீட்டில் கட்டும் பல விமானங்களில் இருப்பது லைகோமிங் 360 ரக எஞ்சின். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 5.9 லீற்றர். இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை அவ்வளவு காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 2700 சுற்று என்று போட்டுக் கணக்குப் பாருங்கள். கிட்டத்தட்ட 8000 லீற்றர் வரும். நம் வீட்டுக் கூரையில் இருக்கும் 1000 லீற்றர் தண்ணீர்த் தாங்கி எட்டை ஒரு நிமிடத்தில் காலி செய்வது போல. இவ்வளவும் நம் கை மணிக்கட்டு அளவுக் குழாய் ஒன்றின் வழியாகப் போகிறது.

இழுக்கும்போது குழாய்க்குள் அமுக்கம் வெளியை விடக் குறையும். வெளிக்காற்று குழாயின் சுவரை உள்ளே தள்ளும். சுவர் பலமாக இருந்தால் ஒன்றும் நடக்காது. இளகியிருந்தால் ஒடுங்கும். ஒடுங்கினால் எஞ்சினுக்கு மூச்சுத் திணறும். ஜூஸ் பக்கெற்றில் ஸ்ட்ரோவை வாயால் நசுக்கிக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள், விளங்கும்.

இனி அந்தச் சம்பவம்.

2025 மார்ச் 18. இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயர் விமான நிலையம். கோஸி மார்க் 4 என்ற வகை விமானம் ஒன்று தரையிறங்க வந்துகொண்டிருந்தது. இது வீட்டில் கட்டுகிறவர்களுக்காக நெட் பஃபர் என்ற அமெரிக்கர் வரைந்த விமானம். பேர்ட் ருட்டான் வடிவமைத்த லோங்-ஈஸி விமானத்தின் வழி வந்தது. உடம்பு நுரையும் பைபர்கிளாசும். எஞ்சின் பின்பக்கம் இருக்கும். இறங்குகிற கடைசிக் கட்டத்தில் எஞ்சின் பலத்தை இழந்தது. விமானி ஒரு வீதியையும் ஒரு பற்றை வரிசையையும் எப்படியோ தாண்டிவிட்டார். ஆனால் ஓடுபாதைக்கு முன்னாலேயே நிலத்தைத் தொட்டு, தரையிறங்கும் விமானங்களுக்கு வழிகாட்டும் கருவித் தொகுதியில் மோதி நின்றது. விமானம் நாசம். விமானிக்குச் சிறு காயங்கள் மட்டும். அல்ஹம்துலில்லாஹ்.

பிரித்தானிய விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு விசாரித்தது. காற்று வடிகட்டியில் இருந்து எஞ்சினுக்குப் போகும் வளைகுழாய் இளகி ஒடுங்கியிருந்தது. அது உலோகம் இல்லை. த்ரீ-டி பிரிண்டரில் அச்சடித்த பிளாஸ்டிக். அமெரிக்காவில் ஒரு விமானக் கண்காட்சியில் வாங்கியது.

பிளாஸ்டிக்கைப் போட்டால் இப்படித்தான் என்று இங்கேயே முடிவு கட்டிவிட வேண்டாம். அந்த உரிமையாளர் யோசிக்காமல் போட்ட ஆள் இல்லை. எண்களைப் பாருங்கள்.

பிளாஸ்டிக்குக்கும் ரெசினுக்கும் ஒரு வெப்பநிலை இருக்கிறது. அதற்குக் கீழே கண்ணாடி போல விறைப்பாக இருக்கும். அதைத் தாண்டினால் உருகாது, ஆனால் இளகும். கோஸி விமானத்தின் மூல வரைபடத்தில் இந்த வளைகுழாயைப் பைபர்கிளாசும் எபொக்ஸி ரெசினும் கொண்டு செய்யலாம் என்று இருக்கிறது. அந்த ரெசின் இளகும் வெப்பநிலை, சூட்டில் வைத்துப் பதப்படுத்திய பிறகு, 84 பாகை செல்சியஸ். வாங்கிய குழாய் கார்பன் நார் கலந்த ஏ.பி.எஸ் பிளாஸ்டிக், அது இளகுவது 105 பாகையில் என்பதுதான் விற்றவரிடம் இருந்து உரிமையாளர் விளங்கிக்கொண்டது. 84 பெரிதா, 105 பெரிதா? தரம் 6 பிள்ளையும் சரியான விடை சொல்லும். தாளில் பார்த்தால் புதுக்குழாய் பழையதை விட நல்லது.

விபத்துக்குப் பிறகு அந்தக் குழாயில் இரண்டு துண்டு வெட்டி ஆய்வுகூடத்தில் சோதித்தார்கள். ஒன்று 52.8 பாகையில் இளகியது. மற்றது 54 பாகையில். கண்டியிலேயே பகல் வெயிலில் பூட்டிய காருக்குள் டாஷ்போர்டு அந்தச் சூட்டுக்குக் கிட்ட வந்துவிடும். எஞ்சின் அறையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இன்னொரு விசயமும் அறிக்கையில் இருக்கிறது. என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான். மூல வரைபடத்தில், வளைகுழாயின் வாயில், காற்று வடிகட்டி பொருந்தும் இடத்தில், மெல்லிய அலுமினியக் குழாய்த் துண்டு ஒன்றை உள்ளே வைக்கச் சொல்லியிருக்கிறது. சூடு ஏறி ரெசின் கொஞ்சம் தளர்ந்தாலும் வாய் ஒடுங்காமல் அந்த உலோக வளையம் தாங்கும். அச்சடித்த குழாயில் அந்தத் துண்டு இல்லை.

அந்தத் துண்டு எவ்வளவு பாரம் இருக்கும்? வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒரு கணக்காகக் கொடுத்தேன். சரியான அளவு நம்மிடம் இல்லை. அதனால் விட்டம் 60 மில்லிமீற்றர், தடிப்பு 1 மில்லிமீற்றர், நீளம் 50 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொண்டோம். கனவளவு 9 கன சென்ரிமீற்றருக்குச் சற்று மேலே. அலுமினியத்தின் அடர்த்தி 2.7. பெருக்கினால் 25 கிராம். அரை முட்டைப் பாரம்.

சரி, உலோகம் என்று முடிவெடுத்தால் எந்த உலோகம்? "இரும்புதான் பலம், இரும்பையே போடுவோம்" என்று ஒரு மாணவன் சொன்னான். அதே குழாயை 300 மில்லிமீற்றர் நீளத்துக்குக் கணக்குப் பார்க்கச் சொன்னேன். அலுமினியத்தில் 150 கிராம். உருக்கில் 435 கிராம். செம்பில் 500 கிராமுக்குக் கிட்ட. விமானத்தில் ஒவ்வொரு கிராமுக்கும் கணக்கு உண்டு. ரைட் சகோதரர்கள் 1903 இல் பறந்த விமானமும் ஒரு வகையில் வீட்டில் கட்டியதுதான். அதன் எஞ்சினை அவர்களுடைய சைக்கிள் கடையில் வேலை செய்த சார்லி டெய்லர் ஆறு கிழமையில் செய்தார். பாரம் குறைய வேண்டும் என்று அதன் உடலை அலுமினியத்தில் வார்த்தார்கள். சுமார் 12 குதிரை வலுதான். அது போதுமாக இருந்தது.

ஆனால் பாரம் மட்டும் பார்த்தால் போதாது. உருக்கு மலிவு, வெல்டிங் சுலபம். பிரச்சினை துரு. குழாயின் உட்பக்கம் துருவேறி உதிர்ந்தால் அந்தத் துகள் வடிகட்டியைத் தாண்டி நேராக எஞ்சினுக்குள் போகும். கண்டி மாதிரி ஈரமான ஊரில் இது சின்ன விசயம் இல்லை. துருப்பிடிக்காத உருக்கு அந்தக் குறையைத் தீர்க்கும். சூட்டையும் நன்றாகத் தாங்கும். அதனால்தான் புகைக்குழாய்க்கு அதைப் போடுகிறார்கள். காற்று உள்ளே போகும் பக்கத்தில் அவ்வளவு சூடு இல்லாததால் அந்தப் பாரத்தைச் சுமக்கத் தேவையில்லை. செம்பையும் பித்தளையையும் பற்றி நத்தரம்பொத்தைப் பக்கம் தட்டும் விளக்கும் செய்கிற கைவினைஞர்களைக் கேளுங்கள். தட்டத் தட்டச் செம்பு விறைக்கும், இடைக்கிடை நெருப்பில் காட்டி இளக்காவிட்டால் வெடிக்கும் என்பார்கள். ஓயாமல் அதிரும் எஞ்சினும் செம்புக் குழாயை ஒரு வகையில் தட்டிக்கொண்டேதான் இருக்கும்.

அலுமினியத்துக்கும் இரண்டு குறை உண்டு. ஒன்று, உருக்குக்கு ஓர் எல்லை இருக்கிறது. அதற்குக் குறைந்த அதிர்வை எத்தனை கோடி தடவை கொடுத்தாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை இல்லை. சின்ன அதிர்வும் சேர்ந்து சேர்ந்து ஒரு நாள் வெடிப்பாக வரும். இரண்டு, பதப்படுத்திய அலுமினியத்தை வெல்டிங் செய்தால் ஒட்டுக்குப் பக்கத்தில் உள்ள பகுதி பலத்தில் பெரும் பங்கை இழக்கும். இதனால் அலுமினியக் குழாயை எஞ்சினோடு நேராக இறுக்கிப் பூட்டுவதில்லை. இரண்டு பக்கமும் கட்டையான இறப்பர் அல்லது சிலிக்கோன் ஹோஸ் போட்டு, கிளிப்பால் இறுக்குவார்கள். அதிர்வை ஹோஸ் வாங்கிக்கொள்ளும். ஹோஸ் நழுவாமல் இருக்கக் குழாயின் விளிம்பில் சின்ன மேடு ஒன்றை உருட்டி எடுப்பார்கள். எல்லாவற்றிலும் சிறந்த உலோகம் என்று ஒன்று இல்லை. எந்த இடம், எவ்வளவு சூடு, எவ்வளவு அதிர்வு என்று கேட்ட பிறகுதான் பெயர் சொல்லலாம்.

நான் இதையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்த நாட்களில் எங்கள் பக்கத்திலும் ஒன்று நடந்தது.

பிள்ளைகளை ஏற்றி வரும் பழைய டீசல் வேன் ஒன்று. ஏற்றத்தில் இழுவை இல்லை, பின்னால் கறுப்புப் புகை. பம்ப் பிழை, நொசில் பிழை என்று ஆளுக்கு ஒன்று சொல்லி, சாரதி காசும் நிறையச் செலவழித்துவிட்டார். கடைசியில் கட்டுகஸ்தோட்டையில் கராஜ் வைத்திருக்கும் எங்கள் சொந்தக்கார நானா ஒருவரிடம் வந்தது. அவர் முதலில் எஞ்சினைத் தொடவே இல்லை. பொனட்டைத் திறந்து வைத்து, ஒரு பையனை எக்சலேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மிதிக்க மிதிக்க, எயார் கிளீனரில் இருந்து வரும் ஹோஸ் வயிறு ஒட்டியது மாதிரி உள்ளே போனது. எப்போதோ அசல் ஹோஸ் வெடித்திருக்கிறது. அந்த இடத்தில் உள்ளே கம்பிச் சுருள் இல்லாத மெல்லிய ஹோஸ் ஒன்றை யாரோ போட்டிருக்கிறார்கள். காலையில் குளிராக இருக்கும்போது தாங்கும். எஞ்சின் சூடாகி, ஏற்றத்தில் காற்று அதிகம் தேவைப்படும்போது ஒட்டிக்கொள்ளும். காற்றுப் போதாமல் டீசல் அரைகுறையாக எரிந்து கறுப்புப் புகையாகப் போகும்.

நானா செய்த வைத்தியம் என்ன தெரியுமா? ஒரு அலுமினியக் குழாயை அளவுக்கு வெட்டி, வளைவை ஆர்கன் வெல்டிங் அடித்து, இரண்டு பக்கமும் கட்டையான தடித்த ஹோஸ் போட்டு கிளிப்பால் இறுக்கினார். விமானம் கட்டுகிறவர்கள் செய்வதும் அதுதான். நான் அதைச் சொன்னபோது சிரித்தார்.

"பி.வி.சி பென்ட் ஒன்டு போட்டா நூறு இருநூறோட முடிஞ்சிருக்கும் தங்கச்சி. ஆனா பக்கத்தில மெனிபோல்ட் சூடு. ரெண்டு மாசத்தில திரும்ப வரும். ஏறி வாறது புள்ளைகள்."

வாகன இறக்குமதி 2020 இல் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 இல்தான் திரும்பத் திறக்கப்பட்டது. அதற்கிடையில் 2022 இன் நெருக்கடி. இந்தக் காலம் முழுவதும் நாம் பழைய வாகனங்களை ஒட்டுப் போட்டுத்தான் ஓட்டினோம். பஞ்சிகாவத்தையில் கிடைக்காத பாகத்தை ஊர்க் கராஜில் செய்தோம். அதில் எனக்குப் பெருமைதான். கையால் செய்யத் தெரிந்த சமூகம் பட்டினி கிடக்காது. ஆனால் மாற்றிப் போடுவது என்றால், அசல் பாகத்தில் ஒவ்வொரு துண்டும் ஏன் இருந்தது என்று கேட்டுவிட்டு மாற்ற வேண்டும். அந்த ஹோசுக்குள் கம்பிச் சுருள் அழகுக்காக இருக்கவில்லை. கோஸியின் வரைபடத்தில் அலுமினியத் துண்டும் அழகுக்காக இருக்கவில்லை.

கடுகண்ணாவை ஏற்றத்தில் வேன் இழுக்காவிட்டால் ஓரத்தில் நிறுத்திக் கல் வைக்கலாம். வானத்தில் ஓரம் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான். பௌதிகம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

இனிப் படிப்புக்கு வருகிறேன். "அலுமினியத்தின் பயன் ஒன்று தருக" என்று கேட்டால் எங்கள் பிள்ளைகள் எல்லோரும் "விமானத்தின் உடல்" என்று எழுதுவார்கள். புள்ளியும் கிடைக்கும். ஏன் என்று கேட்டால் "பாரம் குறைவு" என்பார்கள். அதற்கு மேல் வகுப்பில் யாரும் போவதில்லை. நேரம் இல்லை, பாடத்திட்டம் முடிக்க வேண்டும். நான் கல்விக் கல்லூரியில் பயிற்சி பெற்ற காலத்தில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர் அடிக்கடி சொல்வார், பிள்ளை அட்டவணையைப் பாடமாக்கினால் அது ஞாபகம், பொருளைத் தொட்டுச் சோதித்தால்தான் விஞ்ஞானம் என்று. அந்தக் கோஸி விமானத்தின் கதை எனக்கு அதையே திரும்பச் சொன்னது. 105 பாகை என்ற எண் பொய் இல்லை. ஏ.பி.எஸ் இளகுவது அந்த வெப்பநிலையில்தான். ஆனால் அது அட்டவணையில் உள்ள ஏ.பி.எஸ்சின் எண். கையில் இருந்த குழாயின் எண் இல்லை.

அதனால் இந்தத் தவணை தரம் 10 பிள்ளைகளோடு ஒரு சோதனை செய்தோம். செலவு மிகக் குறைவு. ஒரே அளவில் நாலு பட்டி. தெரிந்த ஒருவர் பிரிண்டரில் அடித்துத் தந்த பி.எல்.ஏ பிளாஸ்டிக் ஒன்று, ஏ.பி.எஸ் ஒன்று, பி.வி.சி குழாயில் வெட்டியது ஒன்று, அலுமினியம் ஒன்று. எது எது என்று நான் சொல்லவில்லை, பிளாஸ்டிக் மூன்றுக்கும் கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டேன். ஒரு முனையை இறுக்கி, மறு முனையில் சின்னப் பாரம் ஒன்றைத் தொங்கவிட்டு, சுடுதண்ணீரில் அமிழ்த்தி, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே சூட்டைக் கூட்டினோம். 60 பாகையை நெருங்கும்போது பி.எல்.ஏ தலை குனிந்தது. பாடசாலைகளிலும் வீடுகளிலும் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் அதிகம் பாவிப்பது இந்த வகைதான். 80 பாகையைத் தாண்டிப் பி.வி.சி வளைந்தது. தண்ணீர் கொதிக்கும் வரை ஏ.பி.எஸ் நின்றது. அலுமினியத்துக்கு ஒன்றுமே தெரியவில்லை.

பெயின்ட் அடித்த மூன்றும் பார்வைக்கு ஒன்றாகத்தான் இருந்தன. ஒரு மாணவி கேட்டாள்:

"டீச்சர், அப்ப கடையில வாங்கக்குள்ள எப்படித் தெரியும்?"

நான் திருப்பிக் கேட்டேன். "உம்மா நகை வாங்கப் போனா எப்படித் தெரிஞ்சுக்கிறா?"

வகுப்பே விடை சொன்னது. உரைப்பார்கள், நிறுப்பார்கள், முத்திரை பார்ப்பார்கள், தெரிந்த ஆளிடம் காட்டுவார்கள். ஒரு பவுண் வாங்க நாலு தடவை உரசிப் பார்க்கிற நாம், உயிர் தொங்குகிற ஒரு குழாயைக் கடைக்காரர் சொன்னதை வைத்தே வாங்குகிறோம்.

உலோகத்தைச் சோதிப்பதும் கஷ்டமில்லை. காந்தம் ஒட்டினால் அலுமினியம் இல்லை. ஒட்டாவிட்டால் அதுவே சாட்சி இல்லை, துருப்பிடிக்காத உருக்கிலும் ஒட்டாத வகை இருக்கிறது. தராசில் நிறுத்து, நிரம்பிய பாத்திரத்தில் அமிழ்த்தி, வழியும் தண்ணீரை அளந்தால் அடர்த்தி வரும். 2.7 க்குப் பக்கத்தில் வந்தால் அலுமினியம், 8 க்குப் பக்கத்தில் வந்தால் உருக்கு வகை. ஆர்க்கிமிடீசை இப்படிப் படிப்பித்தால் பிள்ளை மறக்காது.

பிரித்தானியாவில் வீட்டு விமானங்களை மேற்பார்வை செய்யும் இலகுரக விமானச் சங்கம், அச்சடித்த பாகங்களைப் பற்றித் தன் பரிசோதகர்களுக்கு எச்சரிக்கை அனுப்புவதாக அறிவித்தது. புதுத் தொழில்நுட்பம் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகள் பிரிண்டர் பழக வேண்டும், வரைய வேண்டும், அடித்துப் பார்க்க வேண்டும். அடித்ததைச் சுடுதண்ணீரிலும் போட்டுப் பார்க்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை ஏறும் வேனில் கறுப்புப் புகை வந்தால் சாரதியைத் திட்டுவதற்கு முன், எயார் ஹோசைப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

கண்டி, அக்குறணை, மடவளைப் பக்கம் கராஜ், லேத் வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெட்டி எறியும் குழாய்த் துண்டுகள் இருந்தால், அலுமினியமோ செம்போ உருக்கோ, வீசிவிடாமல் எடுத்து வையுங்கள். ஒரு சாண் நீளம் போதும். எது எது என்று எழுதி ஒட்டத் தேவையில்லை. அதைக் கண்டுபிடிப்பதுதான் அடுத்த தவணையில் பிள்ளைகளுடைய வேலை. கொமெண்டில் சொன்னால் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன், இன்ஷா அல்லாஹ்.